குடும்பத்தில் இரண்டு பேர் வரலாம்

பதிவுத் தபாலில் வந்த கடிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டபோது, தண்ணீர்க் கட்டணமாக இருக்கும் என்றுதான் கிருஷ்ணராஜ் நினைத்தான். கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே மகளின் பெயரில் நடத்தும் 'தர்மிளா ஸ்டூடியோ'வுக்கு வேறு என்ன வரப்போகிறது? அடையாள அட்டைப் படத்துக்காக வந்து உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பெண்பிள்ளையின் நாடியை ஒரு விரலால் நிமிர்த்திவிட்டு, படத்தை எடுத்து முடித்து, அவளை அனுப்பிய பிறகுதான் உறையைக் கிழித்தான்.

கடிதம் சிங்களத்தில் இருந்தது. வடக்கில் நடந்த கடைசி யுத்தத்தில் படையினரோடு களத்தில் இருந்த சிவிலியன் ஊடகவியலாளர்களுக்கும் யுத்தப் பதக்கம் வழங்க முடிவாகியிருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்தில் ஒன்பது பேர் தெரிவாகியிருக்கிறார்கள். அவர்களில் அவனும் ஒருவன். கீழே, அவன் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை எந்த எந்த இடத்தில் கேமராவோடு இருந்தான் என்று பட்டியல் போட்டிருந்தார்கள். படையினரின் ஊடகப் பிரிவுப் பதிவேட்டில் அவனே ஒவ்வொரு நாளும் கையெழுத்திட்டது அப்படியே இருந்தது. கடைசி வரியில் இருந்த இடத்தையும் தேதியையும் படித்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்டூடியோவுக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டான்.

கூடவே ஒரு படிவம் இருந்தது. அதில் இரண்டு கட்டங்கள். 'தனியாக வருவேன்.' 'குடும்பத்தாருடன் வருவேன், இருவருக்கு மேற்படாமல்.' வரமாட்டேன் என்று சொல்ல மூன்றாவதாக ஒரு கட்டம் இல்லை.

அவன் அந்த வேலைக்குப் போனது ஆசைப்பட்டு இல்லை. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, சிங்களப் பள்ளிக்கூடத்தில் பாதியும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பாதியும் படித்து, இரத்தினபுரியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். கூடத் தொழில் செய்த ஒரு சிங்கள நண்பன்தான் கொழும்பில் ஒரு தனியார் தொலைக்காட்சியில் சேர்த்துவிட்டான். யுத்தம் சூடு பிடித்ததும், "கிருஷ்ணாவுக்குத் தமிழ் தெரியும், அவனை அனுப்புங்கள்" என்றார்கள். அந்தப் பக்கமிருந்து வந்துசேரும் சனங்கள் அழுகிற அழுகையைச் சிங்களத்தில் சொல்ல ஆள் தேவைப்பட்டது. கையில் கேமரா, தலையில் இரும்புத் தொப்பி, நெஞ்சில் குண்டு துளைக்காத சட்டை. இரண்டு வருஷம் அப்படிப் போனது. யுத்தம் முடிந்த மாதமே வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து இந்த ஸ்டூடியோவைப் போட்டான். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் முதுகு வலி என்று சொன்னான்.

மறுநாள் பிரதேச செயலகத்துக்குப் போனான். பதக்க விஷயத்தைப் பார்க்கும் சிங்கள அம்மா நல்ல மனுஷி. அவனுடைய கடையில்தான் மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்குப் படம் எடுத்திருந்தாள்.

"எனக்கு வர இயலாது நோனா. என் பெயரை எடுத்துவிட முடியுமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "ஏன், சுகமில்லையா?"

"இல்லை... அப்படித்தான்."

"அப்படியென்றால் டாக்டர் கடிதம் வேண்டும். சுகவீனம் இல்லையென்றால் காரணம் எழுதித் தர வேண்டும்." குரலைத் தாழ்த்தினாள். "எழுதித் தந்தால் அது மேலே போகும். மேலே போனால் யார் யார் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. கிருஷ்ணா மாத்தயா, ஒரு தமிழர் இந்தப் பதக்கத்தை வேண்டாம் என்று எழுதித் தருகிறார் என்றால்... யோசித்துப் பாருங்கள். ஒரு காலை நேரந்தானே. போய் வாங்கி அலமாரியில் போட்டுவிடுங்கள்."

அவள் பயமுறுத்தவில்லை. அக்கறையாகத்தான் சொன்னாள். அதனாலேயே அவன் மேற்கொண்டு கேட்காமல் எழுந்து வந்தான்.

பஜாருக்குத் திரும்பி வருவதற்குள் செய்தி அவனுக்கு முன்னால் வந்துவிட்டது. த்ரீவீல் ஓட்டும் ஜயவீர, படையிலிருந்து ஓய்வு பெற்ற கோப்ரல், நடுவீதியில் வண்டியை நிறுத்தி இறங்கி அவனுக்கு விறைப்பாக ஒரு சலூட் அடித்தான். "அப்பே கிருஷ்ணா!", எங்கள் கிருஷ்ணா, என்று கட்டிப் பிடித்துக்கொண்டான். ஷெல் விழுந்த குழிக்குள் இருவரும் ஒரு தடவை ஒன்றாகப் படுத்துக் கிடந்தவர்கள். அந்த உரிமை அவனுக்கு இருந்தது. "வர்த்தக சங்கத்தில் சொல்லிவிட்டேன். பஸ் நிலையத்தில் பேனர் கட்டுகிறோம்."

சாயந்திரம் நாகலிங்கம் வந்தார். பலசரக்குக் கடைக்காரர், கோயில் கமிட்டித் தலைவர். இவராவது திட்டுவார், 'நம்ம சனத்தக் கொன்ன சண்டைக்கு நீ பதக்கம் வாங்கப் போறியா' என்று முகத்துக்கு நேரே கேட்பார் என்று கிருஷ்ணராஜ் காத்திருந்தான். கேட்டிருந்தால் அதைச் சாக்காக வைத்து ஒதுங்கியிருக்கலாம்.

நாகலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "கிட்ணா, ஒனக்கு அது வேணுமோ வேணாமோ, எங்களுக்கு வேணும்பா."

"என்னங்க சொல்றீங்க?"

"எழுவத்தேழுல எங்கப்பா கடைய கொளுத்துனானுங்க. எம்பத்து மூணுல நீங்க இருந்த லயத்தையே கொளுத்துனானுங்க. தேருக்குப் பாதுகாப்புக் கேட்டுப் போனா இன்னைக்கும் பொலிஸ்ல ஒரு மணி நேரம் நிக்க வச்சுத்தான் பேசுறானுங்க. நம்மள்ள ஒருத்தன் நெஞ்சுல அந்தப் பதக்கம் இருந்தா, நாளைக்கு எவனாச்சும் நம்மளப் பாத்து 'கொட்டி'ன்னு கத்துவானா? நீ போய் வாங்கிட்டு வா. திருவிழாவுல மாலை போடுறோம்."

'கொட்டி' என்றால் புலி. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து வாழ்ந்தவர்களின் முகம் எப்படி இருக்கும் என்று கிருஷ்ணராஜுக்குத் தெரியும். தலையை ஆட்டினான்.

வீட்டில் மனைவி பிரேமலதா இன்னும் நேராகச் சொன்னாள். "இங்க பாருங்க. தர்மிளாவுக்கு டீச்சர் நியமனம் வர்ற நேரம். நீங்க போகாம இருந்து ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, காலம் பூரா அவ மொகத்துல முழிக்க முடியாது. சும்மா ஒரு தகட்டக் குத்துறாங்க. குத்திட்டுப் போகட்டும்."

பதினைந்து வருஷமாக அவளிடம்கூடச் சொல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. அன்றைக்கும் அதைச் சொல்லாமலே சாப்பிட்டுப் படுத்தான்.

பேனர் கட்டிய மூன்றாம் நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

இராஜம் அவனுக்கு எட்டு வயது மூத்தவள். எண்பத்து மூன்றில் லயம் எரிந்தபோது கல்யாணமாகி ஆறு மாதம். புருஷன் வீட்டாரோடு வன்னிக்குப் போனவள், கிளிநொச்சிக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறி, அங்கேயே இருந்துவிட்டாள். புருஷன் பாம்பு கடித்துச் செத்தான். ஒரே மகன் தனுஷன். சமாதானம் பேசிய காலத்தில் கிருஷ்ணராஜ் ஒரு தடவை போய் பத்து நாள் இருந்துவிட்டு வந்தான். அப்போது தனுஷனுக்குப் பதினொரு வயது. "மாமா, மாமா" என்று கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே திரிந்தான்.

"பக்கத்து வீட்டுப் புள்ள போன்ல காட்டுச்சு," என்றாள் இராஜம். "பெரிய படமா போட்டிருக்காங்க. மெலிஞ்சு போயிட்டியே கிட்ணா."

"நான் கேக்கலக்கா. அவங்களாத்தான்..."

"எப்ப குடுக்குறாங்க?"

"வர்ற வெள்ளிக்கெழம. இரத்தினபுரியில."

"ஒன்னோட யாரு போறா?"

"குடும்பத்துல ரெண்டு பேர் வரலாம்னு போட்டிருக்கு. பிரேமாவும் தர்மிளாவும்."

இராஜம் சொன்னாள்: "தர்மிளா சின்னப் புள்ள, அவளுக்கு எதுக்கு இதெல்லாம். என் பேரப் போடு. நான் வர்றேன்."

அவனால் மறுக்க முடியவில்லை. அக்கா இந்த ஊருக்கு வந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. வராதே என்று எந்த வாயால் சொல்வது?

வியாழக்கிழமை மத்தியானம் அவள் வந்து இறங்கினாள். கிளிநொச்சியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, அங்கிருந்து கஹவத்தை. கையில் ஒரு துணிப்பை மட்டும். பஸ் நிலையத்தில் தம்பியின் முகத்தோடு ஆடிக்கொண்டிருந்த பேனரின் கீழே நின்று அதை அண்ணாந்து பார்த்தாள். ஜயவீர ஓடி வந்து பையை வாங்கிக்கொண்டான். "கிருஷ்ணாவின் அக்காவா? வாருங்கள், வாருங்கள். வாடகை வேண்டாம்." அவளும் அவனுக்குச் சிங்களத்திலேயே நன்றி சொன்னாள்.

சாப்பாடு முடிந்து பிரேமலதா கடைத்தெருவுக்குப் போனதும் இராஜம் கேட்டாள். "அந்தக் கடுதாசிய எடுத்துட்டு வா. என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு."

அவன் எடுத்து வந்து, வரி வரியாகத் தமிழில் சொன்னான். பட்டியல் வந்ததும் இடங்களை வேகமாகச் சொல்லி, கடைசி வரியை விட்டுவிட்டு, "அவ்வளவுதான், கீழ கையெழுத்து" என்று மடித்தான்.

"ஒரு வரிய விட்டுட்டியே."

"எது?"

அவள் கடிதத்தை வாங்கி விரித்து விரலை வைத்தாள். "ஊர விட்டுப் போனா எழுத்தும் மறந்துபோகும்னு நெனச்சியா? நானும் இங்க அஞ்சாம் வகுப்பு வரைக்கும் சிங்களம் படிச்சவதான். இந்த எடம், இந்தத் தேதி. அன்னைக்குத்தான் நாங்க வெளிய வந்தோம்."

கிருஷ்ணராஜ் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

அந்தக் காலையை அவன் ஒரு நாளும் மறந்ததில்லை. வெட்டவெளியில் கம்பி வேலி. ஆயிரக்கணக்கான சனம் சேற்றோடு வந்து வரிசையில் நின்றார்கள். சோற்றுப் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "அந்தா அழுகிறாளே அந்தப் பெண், அவளை எடு" என்று செய்தியாளர் தோளில் தட்டினார். கேமராவைத் திருப்பிக் கிட்டே இழுத்தபோது வியூஃபைண்டருக்குள் அக்கா நின்றாள். பக்கத்தில் அவளைவிட ஒரு முழம் உயரமாகத் தனுஷன். அவனுக்குப் பதினேழு வயது. கிருஷ்ணராஜுக்கு இடப்பக்கம் ஒரு அதிகாரி, வலப்பக்கம் இன்னொருவர். 'இவள் என் அக்கா' என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும்? இத்தனை நாள் எங்களோடு நின்று படம் எடுத்தவனின் அக்கா அந்தப் பக்கத்திலா? கேமரா இருந்தால் அவனுக்கு முகத்தில் பாதி மறையும். அதைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பொடியன்களை வேறாகப் பிரித்து பஸ்களில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னதைத் தமிழில் அவனிடமே சொல்லச் சொன்னார்கள். சொன்னான். தனுஷன் ஏறிய பஸ் வளைவில் திரும்பி மறையும் வரை படம் எடுத்தான். சாயந்திரம் கசட்டைக் கொடுத்துவிட்டான். தனுஷனை அதற்குப் பிறகு யாரும் காணவில்லை.

மூன்று மாதம் கழித்து முகாமிலிருந்து அக்கா தொலைபேசியில், "நீ அந்தப் பக்கம் வேல பாத்தியே, எங்கயாவது தனுஷனப் பாத்தியா?" என்று கேட்டாள். "நான் அப்ப கொழும்புலக்கா" என்று சொல்லிவிட்டான். அந்தப் பொய் பதினைந்து வருஷம் நின்றது.

"அக்கா," என்றான்.

"எனக்குத் தெரியும் கிட்ணா. அன்னைக்கே தெரியும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"தொப்பி போட்டா நீ நிக்கிற நிலை மாறிடுமா? சின்னதுலயிருந்து ஒரு கால சாச்சுத்தானே நிப்ப. மொதல்ல பாத்தது அவன்தான். 'அம்மா, மாமா!'ன்னான். கூப்புடப் போனான். நான்தான் அவன் வாயப் பொத்துனேன்." இராஜம் தன்னுடைய வலது உள்ளங்கையைப் பார்த்தாள். "சத்தம் போட்டா ஒன்னையும் சேத்துப் புடிச்சுக்குவாங்கன்னு நெனச்சேன். நீயாவது தப்பிச்சுப் போகட்டும்னு. பேசாதடா, மாமாவுக்குக் கெடுதியாயிடும்னேன். அவனும் பேசாம போய் ஏறிட்டான்."

வெளியே பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு பெல்மதுளைப் பக்கம் போனது.

"போன்ல கேட்டேனே, அது தெரியாம கேட்டதா நெனச்சியா? நீயா சொல்லுவன்னு கேட்டேன். நீ கொழும்புலன்ன. சரி, இவனுக்கு இன்னும் பயம் போகல, அப்புறமா சொல்லுவான்னு இருந்தேன். பதினஞ்சு வருஷமா ஒவ்வொரு ஆபிஸா போறேன். எல்லா எடத்துலயும் ஒரே கேள்விதான். 'பஸ்ஸுல ஏத்துனத யாராச்சும் பாத்தாங்களாம்மா?' என்னையத் தவிர யாரும் இல்லைன்னு சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தேஞ்சுபோச்சு."

அவன் அழுதான். தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ள எந்த யோக்கியதையும் இல்லாத அழுகை. அவள் தடவிக் கொடுக்கவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கு நான் போகல," என்றான் கடைசியில்.

"போ. போகாட்டி இங்க இருக்கிறவங்க ஒன்னைய வாழ விட மாட்டாங்க. எனக்கும் அந்தக் கடுதாசி வேணும். கவர்மெண்டே நீ அங்க இருந்தன்னு எழுதிக் குடுத்திருக்கு. அத எடுத்துக்கிட்டு என்னோட கிளிநொச்சிக்கு வா."

மறுநாள் இரத்தினபுரி மண்டபத்தில் ஒன்பது கதிரைகள் போட்டிருந்தார்கள். இரண்டு பேர் செத்துப்போயிருந்ததால் அவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணராஜின் பெயரைப் பாதி விழுங்கிக் கூப்பிட்டார்கள். அவனுக்குப் பதக்கம் குத்திய அதிகாரி சின்ன வயது. அந்த நாளில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பான். ஊசி சட்டையைத் தாண்டி பனியனில் பட்டு நின்றது. மண்டபம் கைதட்டியது. அவன் மூன்றாவது வரிசையைப் பார்த்தான். பிரேமலதா தட்டினாள். தனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் தட்டியதால் இராஜமும் தட்டினாள். ஒரே சீராக, எல்லோரும் நிறுத்தும் வரைக்கும்.

பிறகு குடும்பப் படம் எடுத்தார்கள். "அம்மா, கொஞ்சம் சிரியுங்கள்" என்றான் படக்காரன். அந்தச் சொல்லை ஆயிரம் பேரிடம் சொன்னவன் கிருஷ்ணராஜ். அவளிடம் அப்படிக் கேட்காதே என்று சொல்ல வாயெடுத்தான். பின்னால் ஜயவீர நின்று எல்லாவற்றையும் தன் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு, கிருஷ்ணராஜ்தான் சிரித்தான்.

அடுத்த நாள் அக்காவைக் கொண்டுபோய் விடுவதாகப் பிரேமலதாவிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டான். திங்கட்கிழமை காலை, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கும் அலுவலகத்தில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தமிழ்ப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். இராஜத்தைப் பெயர் சொல்லாமலே தெரிந்தது. தடித்த கோப்பை எடுத்து வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள்.

"நேரம் ஞாபகம் இருக்கா ஐயா?"

"பத்தேகால். கேமராவுக்குள்ள மணி ஓடும்."

"எந்த பஸ்?"

"மூணாவது. வெள்ளை. பக்கத்துல பச்சைக் கோடு. அவன் பின் வாசலால ஏறுனான். நீலக் கட்டச் சட்டை."

"நீங்க அந்த இடத்தில நிண்டதுக்கு ஏதும் ஆதாரம் இருக்கோ?"

அவன் கடிதத்தை எடுத்து வைத்தான். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "இந்த வாக்குமூலத்தின்ர பிரதி கொழும்புக்குப் போகும். உங்கட பெயர், விலாசம் எல்லாத்தோடயும். பரவாயில்லையோ?"

"எழுதுங்க."

"காணாமல் போனவர் உங்களுக்கு என்ன முறை?"

"அக்கா மகன்."

பேனா நின்றது. "சொந்த அக்காவோ? பிறகு ஏன் ஐயா இவ்வளவு காலமும் சொல்லேல்ல?"

அவன் வாய் திறப்பதற்குள் இராஜம் துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, "நான் அவன்கிட்ட கேக்கலம்மா" என்றாள்.

அந்தப் பெண் அதையும் எழுதிக்கொண்டாள்.

கிருஷ்ணராஜ் திரும்பி வந்த பிறகு பஜார் அவனை முன்னைவிடக் கொண்டாடியது. சந்திக்கிறவர்கள் கைகூப்பினார்கள். பொலிஸ்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நாகலிங்கம் மாலைக்கு அளவு எடுக்காத குறைதான். அவன் எல்லோருக்கும் சிரித்தான். எந்த நாளில், யார் முகத்தில், அந்தச் சிரிப்பு நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

பதினெட்டாம் நாள் இரண்டு பேர் சாதாரண உடுப்பில் ஸ்டூடியோவுக்குள் வந்தார்கள். படம் எடுக்கவா என்று கேட்டான். இல்லை என்றார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"வடக்குக்குப் போயிருந்தீர்களாமே?"

"அக்கா வீட்டுக்கு."

"அக்காவா?" மூத்தவர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். "வேலைக்குச் சேரும்போது உடன்பிறப்பு யாரும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே."

"பொய் எழுதினேன்," என்றான் கிருஷ்ணராஜ்.

அவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை கொழும்புக்கு வரச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதற்குள் ஊரைவிட்டு வெளியே போவதென்றால் தெரியப்படுத்துமாறும் கேட்டுக்கொண்டார்கள். போகும்போது மூத்தவர் பேனரைக் காட்டி, படம் நன்றாக வந்திருக்கிறது என்றார்.

அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனான். அடுப்படியில் பலாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்த பிரேமலதாவுக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, வரிசையில் நின்ற அக்காவிலிருந்து கையிலிருந்த தாள் வரை ஒன்றுவிடாமல் சொன்னான். அவன் சொல்லி முடித்ததும் அவள் கையிலிருந்த கொட்டையை உரித்துச் சட்டியில் போட்டாள்.

"தர்மிளாவோட நியமனம் போயிடுமா?"

"தெரியல."

"எத்தன மணிக்கு அங்க இருக்கணும்?"

"ஒம்பது மணிக்கு."

"அப்ப மொத பஸ்ஸுக்குப் போகணும்," என்றாள் பிரேமலதா. "நானும் வர்றேன். தர்மிளாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."